சூரியனைவிடச் சுடும் பகல்
சாவகச்சேரியில் பஸ் ஏறி, யாழ்ப்பாணம் போய், ஓர் அலுவலை முடித்துக்கொண்டு திரும்பி வர இரண்டே கால் மணித்தியாலம் பிடிக்குமா, நேயர்களே? ஏறக்குறைய அந்த நேரத்துக்குள் ஒரு வருடமே முடிந்துபோகிற இடம் ஒன்று வானில் உண்டு. பெயர் டபிள்யூடி 0032-317.

அதன் நடுவில் இருப்பது ஒரு வெண்குறுமீன், அதாவது வாழ்ந்து முடித்துச் சுருங்கிப்போன விண்மீனின் எச்சம். இத்தகைய எச்சம் எவ்வளவு நிறையைத் தாங்கும் என்று 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே கணக்குப் போட்டவர் நம்மவரான சுப்பிரமணியன் சந்திரசேகர்.

அதைச் சுற்றி ஓடுவது பழுப்புக் குறுமீன். கோள் என்று சொல்ல முடியாதபடி பெரிது. ஆனால் ஐதரசனை எரித்து விண்மீனாகச் சுடர அதற்கு நிறை போதாது. இப்படியானவை இருக்கும் என்று 1960களின் தொடக்கத்திலேயே சொன்னவர் இந்தியாவில் பிறந்த சிவ் குமார்.

சந்திரன் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, இதுவும் வெண்குறுமீனுக்கு ஒரே முகத்தையே காட்டுகிறது. அந்தப் பகல் முகத்தின் வெப்பம் சுமார் 7700 பாகை செல்சியஸ் என 2023இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சூரியனின் மேற்பரப்பே 5500 பாகைதான்! அந்த வெக்கையில் வளிமண்டலத்து ஐதரசன் மூலக்கூறுகள் தனி அணுக்களாக உடைந்துவிடுகின்றன. இரவு முகமோ பல ஆயிரம் பாகை குறைவு.

பெரிய விண்மீன்களை ஒட்டிச் சுற்றும் வெப்பக் கோள்களைத் தாய் விண்மீனின் ஒளி மறைத்துவிடும். வெண்குறுமீன் சிறியது. அதனால் இங்கே துணையின் வளிமண்டலத்தை நேராகவே படிக்கலாம்.