நூலோடு ஒரு பயணம் – 14: முள்மயிர் பொறுக்கும் விரல்கள்

பெருவின் பம்பா கலேராஸ் மேட்டில் ஊரே கயிறு பிடித்து நின்று, லாமாவின் காட்டு உறவான விகுன்யாக்களை மடக்கும் ‘சாக்கு’வைச் சென்ற வாரம் பார்த்தோம். (கோணிச் சாக்கு அல்ல, அதற்குக் கடைசியில் வருகிறேன்.) கத்தரித்தால் ஒரு விலங்குக்கு ஏறக்குறைய 200 கிராம் மயிர் கிடைக்கும். அதை அப்படியே நூற்கலாம், உடுத்தத்தான் முடியாது.

விகுன்யாவுக்கும் சரி, லாமாவுக்கும் சரி, மயிர் இரண்டு அடுக்கு. மேலே மழையும் பனியும் தாங்கும் நீண்ட, விறைத்த முள்மயிர். அடியில் உடல் சூட்டைக் காக்கும் மென்மயிர். விகுன்யாவின் மென்மயிர் 12, 13 மைக்ரான்தான். நம் தலைமுடி அதைப்போல் நாலைந்து மடங்கு பருமன். 30 மைக்ரானைத் தாண்டிய இழையின் நுனி தோலில் பட்டால் வளையாது, குத்தும். நூற்றுக்கு ஐந்து இழை அப்படி இருந்தாலே கழுத்து அரிக்கத் தொடங்கிவிடும். ‘கம்பளி எனக்கு ஒத்துக்காது, அலர்ஜி’ என்பவர்களில் பலருக்கு அலர்ஜியே கிடையாது, இந்தக் குத்தல்தான்.

ஆகவே பொறுக்க வேண்டும். ஒரு பிடி மயிரை வெளிச்சத்தில் பிரித்து, துருத்திக்கொண்டிருக்கும் முள்மயிரின் நுனியை இரு விரலால் பற்றி உருவுகிறார்கள். மென்மயிர் சுருண்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். நேரான முள்மயிர் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரிதான். ஆனால் முறத்தில் கல் ஒன்றிரண்டு. இங்கே பிடிக்குப் பிடி.

இயந்திரத்துக்கும் இதே சூட்சுமம்தான். பல் வைத்த உருளைகள் வேகமாகச் சுழலும்போது விறைத்த மயிர் தெறித்து விழும், மென்மயிர் பல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஓட்டத்தில் தீராது. ஓட்ட ஓட்ட மென்மயிரும் அறுந்து குட்டையாகும், நூல் பலம் இழக்கும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

லாமாவின் மற்றோர் உறவான அல்பாகாவுக்கு இரண்டு அடுக்கு அவ்வளவு தெளிவாகக் கிடையாது. பெருவின் அரேகிப்பா நகர ஆலைகளில் பெண்கள் தொட்டுப் பார்த்தே தரம் பிரிக்கிறார்கள். ‘பேபி அல்பாகா’ என்பது அப்படி ஒரு தரத்தின் பெயர். குட்டியின் மயிர் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

பெருவின் தெற்கே எல் யாரலில், மணலில் காய்ந்து பதமாகிக் கிடந்த ஆயிரம் வருஷத்து அல்பாகாக்களை ஆராய்ந்தார் தொல்விலங்கியலாளர் ஜேன் வீலர். சிலவற்றின் மயிர் சராசரி 18 மைக்ரான், அதுவும் ஒரே சீராக. ஸ்பானியர் வந்து மந்தைகள் அழிந்து, மிஞ்சியவை லாமாவோடு கலந்த பிறகுதான் மயிரில் கரடு கூடியது என்கிறார் அவர். இன்று பொறுக்கும் விரல்கள் அந்தப் பழைய கணக்கையும் சேர்த்தே தீர்க்கின்றன என்று எனக்குத் தோன்றும்.

லாமாவின் முள்மயிர் குப்பைக்குப் போவதில்லை. அதை முறுக்கிக் கயிறு திரிப்பார்கள், பட்டை பட்டையாக நெய்து மூட்டை தைப்பார்கள். அதுதான் சொன்னேனே, நம் கோணிச் சாக்கு. உருளைக்கிழங்கு நிரம்பிய அந்த மூட்டை மறுபடி லாமாவின் முதுகிலேயே ஏறி மலையிறங்குகிறது.

(பயணம் தொடரும்)