பாண்டி நாட்டுக் குதிரைக் குட்டிகளும் கால் கோணலும்

குற்றால மலையில் தோன்றித் தென்காசி வழியே ஓடும் சிற்றாறு பொருநையொடு கலக்கின்றது. அப்பொருநையின் கழிமுகத்தில் விளங்கிய காயல், பாண்டியர்க்கு அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய பெருந்துறையாகும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1290-களில், இந்நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ கூறும் செய்தி ஒன்று ஈண்டு ஆராயத்தக்கது. உயர்ந்த ஆண் குதிரையும் உயர்ந்த பெண் குதிரையும் கூடிப் பிறந்த குட்டியும் கால் கோணி, ஏறுதற்கு உதவாததாயிற்று என்றும், ஆதலின் இந்நாட்டில் குதிரை வளர்த்தல் இயலாது என்றும் அவர் உரைக்கின்றார்.

இதனை நிலத்தின் குறை எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே எமது கருத்து.

குட்டியின் கால் எலும்பு, மூட்டினை அடுத்த குருத்தெலும்புத் தட்டில் நீள்கின்றது. அத்தட்டின் ஒருபுறம் விரைந்தும் மறுபுறம் தளர்ந்தும் வளரின் கால் கோணும். தாய் நோயுற்று உரிய காலத்திற்கு முன் ஈனுமாயின், முழங்காலின் சிற்றெலும்புகள் முதிராத நிலையில் உடற்பாரத்தால் நசுங்கும். அதனாலும் கோணல் உண்டாம்.

இனி, உணவை நோக்குவோம். வேகவைத்த சோறும் இறைச்சியும் குதிரைகளுக்கு இடப்பெற்றன என்று போலோவே குறிக்கின்றார். இவ்விரண்டிலும் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணச் சத்தோ மிகக் குறைவு. குதிரைக்குச் சுண்ணச் சத்து பாஸ்பரசினும் குறைதல் ஆகாது. குறையின், உடல் தன் எலும்பைக் கரைத்தே அக்குறையை நிரப்பும். சூல் கொண்ட குதிரைக்கும் வளரும் குட்டிக்கும் இது பெருங்கேடாம். கொள்ளில் சுண்ணச் சத்து அரிசியினும் பன்மடங்கு மிகுதி என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மற்றொன்றும் உண்டு. குளம்பை அடுத்த மூட்டருகே எலும்பின் விரைந்த வளர்ச்சி ஏறத்தாழ மூன்று திங்களுள் முடிகின்றது. அதற்குள் குளம்பைச் செம்மையாகச் சீவிவரின் சிறு கோணல் பெரும்பாலும் நிமிரும். ஆனால், குளம்பு பேணும் தொழிலாளர் இந்நாட்டிற்கு வாராதவாறு குதிரை வணிகர் தடுத்தனர் என்றும் போலோ கூறுகின்றார். குதிரைகள் மடிய மடியப் புதியன விற்பது அவர்க்கு ஊதியமன்றோ!

1824-இல் ஓசூரில் படைக்குதிரைப் பண்ணை நிறுவப்பெற்றது. ஓசூர் குளிர்ந்த மேட்டு நிலமாதலின் காயலுக்கு முற்றும் ஒப்பாகாது. வெப்பமும் ஈரமும் குதிரையை வருத்தும் என்பதையும் யாம் மறுக்கவில்லை. எனினும், கால் கோணலைப் போலோ கண்டது வேறு. அதனால் அவர் கொண்ட முடிபு வேறு. காட்சியை ஏற்று, முடிபை அவர் தந்த பிற செய்திகளைக் கொண்டே அளந்து பார்த்தல் வேண்டும். அங்ஙனம் பார்ப்பின், குறை மண்ணினும் பேணுகையிலேயே மிகுதி என்பது புலனாம்.