தெண்டாயுதபாணி ஆலயத்தின் அருகே ஒரு விலக்கப்பட்ட குன்று

தைப்பூசத் திருநாளில் சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து பால்குடமும் காவடியும் ஏந்திப் புறப்படும் பக்தப் பெருமக்கள், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்தை அடைகின்றனர். 1859ஆம் ஆண்டு நகரத்தார் பெருமக்கள் எழுப்பிய திருக்கோயில் அது. வேண்டுதலை நிறைவேற்றி, அன்னதானத்தில் உணவருந்தி, களைப்போடு வீடு திரும்பும் அன்பர்களுள் அண்மையில் உள்ள பசுமையான குன்றை ஏறிட்டுப் பார்ப்பவர் மிகச் சிலரே. முருகன் கோயில் அருகே குன்று இருப்பதில் வியப்பென்ன என்று எண்ணி நடந்துவிடுகிறார்கள் போலும்!

சிங்கப்பூரில் பழைய இடிபாடுகள் ஏது, அவற்றைக் காண அங்கோர்வாட்டுக்கோ ஹம்பிக்கோ அல்லவா செல்ல வேண்டும் என்று கேட்போர் உண்டு. விமானச் சீட்டு வாங்கும் முன், பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாள் காலையில் இந்தக் குன்றின் மீது ஏறிப் பார்க்கலாம். 50 மீட்டருக்கும் குறைவான உயரந்தான். முழங்கால் வலி உள்ளவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம்.

முரசொலி கேட்ட மேடு

இன்று ஃபோர்ட் கேனிங் என்று அழைக்கப்படும் இக்குன்றுக்கு மலாய் மக்கள் வழங்கிய பெயர் ‘புக்கிட் லாராங்கான்’. விலக்கப்பட்ட குன்று என்பது அதன் பொருள். முற்காலத்தில் அரசர்களின் மாளிகைகள் இங்கே இருந்தன என்றும், அனுமதியின்றி எவரும் மேலே செல்லக்கூடாது என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். மேற்குச் சரிவில் அரச குலப் பெண்டிர் நீராடிய ஊற்று ஒன்று இருந்தது. அதற்கும் ‘விலக்கப்பட்ட ஊற்று’ என்றே பெயர்.

1819இல் ஆங்கிலேயர் வந்திறங்கியபோது, குன்றின்மேல் ஏற உள்ளூர் மக்கள் அஞ்சினர். ஆளில்லாத காட்டுக்குள்ளிருந்து முரசொலியும் மனிதர் கூச்சலும் கேட்பதாக அவர்கள் கூறினர். ஃபர்குவார் துரை சிரித்துவிட்டு, மலாக்காவிலிருந்து வந்த ஆட்களைக் கொண்டு பீரங்கி ஒன்றை மேலே இழுத்துச் சென்று வெடிக்கச் செய்தாராம். இதைத் தம் வரலாற்று நூலில் எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படும் இவருடைய முன்னோரில் நாகூர்த் தமிழரும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

1822இல் இக்குன்றைச் சுற்றி வந்த ஜான் கிராஃபர்டு என்பவர், செங்கல் அடித்தளங்களையும், தூண் நிறுத்துவதற்குத் துளையிடப்பட்ட மணற்கற்களையும், சீனாவின் சோங் மரபுக் காலத்து நாணயங்களையும் கண்டு குறித்திருக்கிறார். காட்டினூடே முதிர்ந்த பழமரங்களும் நின்றனவாம். யாரோ நட்டு வளர்த்த தோட்டத்தின் எச்சம் அது. பிற்பாடு இங்கே ஆளுநர் மாளிகை வந்தது. 1859இல் தொடங்கி மேடு சமப்படுத்தப்பட்டுக் கோட்டை எழுந்தது. 1907 வாக்கில் அந்தக் கோட்டையும் இடிக்கப்பட்டது. கிராஃபர்டு கண்டவற்றுள் இன்று கண்ணுக்குத் தெரிபவை எவையும் இல்லை என்றே சொல்லிவிடலாம். கோட்டையின் வாயிற்கதவு மட்டும் கம்பீரமாக நிற்கிறது. பிள்ளைகள் அதைத்தான் முதலில் ‘பழங்காலக் கோட்டை’ என்று ஓடிச் சென்று பார்ப்பார்கள். அதன் வயது நம் தெண்டாயுதபாணி ஆலயத்தின் வயதுதான் என்று சொல்லிக் கொடுத்தால் அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே!

பேரீச்சையளவு மண்ணும் எடுக்கலாகாது

உண்மையான பழமை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. 1984 ஜனவரியில் தொல்பொருள் அறிஞர் ஜான் மிக்சிக் தலைமையில் இங்கு அகழாய்வு தொடங்கியது. சிங்கப்பூரில் முறையாக நடைபெற்ற முதல் அகழாய்வு இதுவே. சீனப் பீங்கான் ஓடுகள், கண்ணாடித் துண்டுகள், கண்ணாடி மணிகள் எனப் 14ஆம் நூற்றாண்டுப் பொருள்கள் கிடைத்தன. ராஃபிள்ஸ் வருவதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செல்வச் செழிப்புள்ள ஓர் ஊர் இங்கே இருந்தது என்று உறுதியாயிற்று. வாங் தாயுவான் என்னும் சீனப் பயணியார் 1349ஆம் ஆண்டளவில் எழுதிய குறிப்பில் தெமாசெக்கில் உள்ள ‘பன்சு’ என்ற குடியிருப்பு இடம்பெற்றுள்ளது. ஊற்று என்று பொருள்படும் ‘பஞ்சூர்’ என்ற மலாய்ச் சொல்லின் சீன ஒலிப்பே அது என்பர்.

அகழ்ந்த குழி ஒன்று கூரையிட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மண் அடுக்கடுக்காகத் தெரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று ஊகிக்கச் சொல்லலாம். சரியாகச் சொன்னவருக்குக் கீழே இறங்கியதும் ஒரு ஐஸ்கிரீம் என்று பந்தயம் கட்டினாலும் தவறில்லை. ஆனால் புல்லிடையே ஓடொன்று தென்பட்டால் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது மட்டும் கூடாது. கிடந்த இடத்தை விட்டு அகன்ற ஓடு வெறும் ஓடுதான். எந்த அடுக்கில் எதனருகே கிடந்தது என்பதில்தான் அதன் சேதி அடங்கியிருக்கிறது. கோயில் விளக்கிலிருந்து எண்ணெயை எடுத்துச் செல்ல மனம் வராதவர்கள் இதை எளிதில் உணர்வார்கள்.

குழியின் அருகில் கெராமாட் இஸ்கந்தர் ஷா அமைந்துள்ளது. சிங்கப்பூரை ஆண்ட இறுதி மன்னரின் நினைவிடமாக முஸ்லிம் அன்பர்கள் போற்றும் புனிதத் தலம். அங்கே உரக்கப் பேசுதல், தொட்டுப் பார்த்தல், சாய்ந்து நின்று படமெடுத்தல் ஆகியவற்றைத் தவிர்த்து, நம் சன்னிதியில் பிறர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்போமோ அவ்வாறே நடந்துகொள்வது கடமை.

தங்கக் காப்பில் திருவாசி முகம்

குன்றின் அடிவாரத்தில், ஸ்டாம்ஃபோர்டு சாலைப் பக்கம் தேசிய அரும்பொருளகம் இருக்கிறது. ஆலயத்திற்குச் செல்வோர் அவசியம் காண வேண்டிய ஒரு பொருள் அங்கே உண்டு. 1928இல் குன்றின்மேல் நீர்த்தேக்கத்திற்காக மண் தோண்டிய தொழிலாளர்களுக்குத் தங்க நகைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கைக்காப்பு. அதன் நடுவில் உருட்டிய விழிகளோடு ஒரு முகம். ஜாவா மக்கள் இதைக் ‘காலன்’ முகம் என்பர். நம்மவர்க்கு அது கீர்த்திமுகம். உற்சவ மூர்த்தியின் திருவாசி உச்சியிலும், விமானத்தின் கூடுகளிலும் நாள்தோறும் பார்க்கும் அதே முகம்! 14ஆம் நூற்றாண்டில் இக்குன்றின்மேல் வாழ்ந்த ஒருவர் அதைத் தோளில் அணிந்திருந்தார். அவர் யாரை வழிபட்டார் என்பதை அந்தக் காப்பு ஒன்றைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. ஆயினும் அதன் எதிரே ஒரு நிமிடம் நின்றால் மனம் சிலிர்க்கும்.

இதே அரும்பொருளகத்தில் ஒரு கல்துண்டும் இருக்கிறது. மங்கிப்போன எழுத்துகள். பலரும் நிற்காமல் கடந்துவிடுகிறார்கள். நிற்க வேண்டிய இடம் அதுவே.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ 10 அடி உயரமும் 10 அடி அகலமுமாக ஒரு மணற்பாறை, இரண்டாகப் பிளந்து நின்றது. அதில் சுமார் 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1819இல் காடு வெட்டியவர்கள் அதைக் கண்டனர். சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஐரோப்பியர் என்று எல்லோரும் வந்து பார்த்தனர். எவராலும் படிக்க இயலவில்லை. 1843இல் ஆற்று வாயிலை அகலப்படுத்துவதற்காக அந்தப் பாறை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி எழுத்துள்ள சில துண்டுகளைப் பொறுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பி வைத்தார். குன்றின்மேல் ஆளுநர் மாளிகை அருகே கிடந்த வேறொரு பெருந்துண்டை, ஆளுநர் பினாங்கு சென்றிருந்த சமயம், சாலைக்குச் சல்லி வேண்டுமென்று கைதிகள் உடைத்துவிட்டார்கள். அக்காலத்தில் இங்கிருந்த கைதிகளுள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஏவிய வேலையைச் செய்த அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. பாறை அழிந்தது குறித்து முன்ஷி அப்துல்லா அப்போதே மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

அதில் என்ன எழுதியிருந்தது? 2019இல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர், எஞ்சியுள்ள எழுத்துகளில் ‘பரகேசரி’ என்னும் சொல்லின் பகுதியைக் காண முடிகிறது என்று கருத்துத் தெரிவித்தார். பரகேசரி, ராஜகேசரி என்பன சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். கடாரம் கொண்ட ராஜேந்திர சோழன் ஒரு பரகேசரி. இச்செய்தி கேட்டுத் தமிழர் நெஞ்சு விம்முவது இயல்பே. எனினும் சிங்கப்பூரைச் சோழர் ஆண்டனர் என்று மேடையில் முழங்க இது போதாது. ஒரு சொல்லின் ஒரு பகுதி, அதுவும் ஓர் அறிஞரின் வாசிப்பு. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் ராஜராஜன் என்பதே, கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படித்த பிறகுதான் ஐயமின்றித் தெளிவாயிற்று. அங்கே கல் இருந்தது, படித்தார்கள். இங்கே கல்லே இல்லை.

அது பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கடாரத்தில், அதாவது கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில், பழைய சண்டிகளுள் ஒன்று 2013ஆம் ஆண்டில், நில மேம்பாட்டுப் பணியின்போது இடித்துத் தள்ளப்பட்டது. அவ்வூரில் மெர்போக் அருகே புக்கிட் பத்து பகாட் சண்டி சீரமைக்கப்பட்டு நன்னிலையில் உள்ளது. சிங்கப்பூரிலிருந்து செல்லும் ஆலயச் சுற்றுலாக் குழுவினர் பினாங்கோடு திரும்பிவிடாமல் அதையும் பார்த்து வரலாம்.

ஆற்றின் முகத்துவாரம்

நடைப் பயணத்தை ஆற்றின் முகத்துவாரத்தில் முடிப்பது நன்று. ஃபுல்லர்ட்டன் ஹோட்டலை ஒட்டிய அப்பகுதியில்தான் பாறை நின்றது. இளைப்பாறும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல இரண்டு கதைகள் உண்டு. இரண்டும் ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூலில் உள்ளவை.

ராஜா சூலான் என்ற மாமன்னன் சீனாவை வெல்லப் பெரும்படையோடு தெமாசெக் வரை வந்துவிட்டான். சோழன் என்ற பெயரே சூலான் ஆயிற்று என்பர். சீனர்கள் பல் விழுந்த கிழவர்களையும், துருவேறிய ஊசிகளையும், காய்த்து நின்ற பழமரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். ‘புறப்பட்டபோது நாங்கள் இளைஞர்கள், இந்த ஊசிகள் அப்போது கைப்பருமன் இரும்புத் தடிகள், மரங்கள் வெறும் விதைகள்’ என்று கிழவர்கள் சொல்ல, இவ்வளவு தொலைவா என்று மலைத்த மன்னன் திரும்பிவிட்டானாம்!

மற்றொன்று படாங் என்ற பலசாலியின் கதை. கலிங்கத்து மன்னன் தன் நாட்டு மல்லனை ஏழு கப்பல்களோடு அனுப்பிப் பந்தயம் கட்டுகிறான். அரண்மனை முன் கிடந்த பெரும் பாறையைக் கலிங்க மல்லன் முழங்கால் மட்டுமே தூக்க முடிந்தது. படாங் அதைத் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்தில் எறிந்தான். எழுத்துப் பாறையே அந்தப் பாறை என்று மக்கள் நம்பினர். படாங் இறந்தபோது கலிங்க மன்னன் அவன் கல்லறைக்கு இரு கல் தூண்கள் அனுப்பினான் என்கிறது நூல். தோற்றவன் செய்த மரியாதை!

பாறை நின்ற இடத்தில் இன்று எச்சம் ஏதுமில்லை. படகுகள் போய்வருகின்றன. சற்றுத் தள்ளி, சுற்றுப்பயணிகள் மெர்லயன் சிலையைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையம் அங்கிருந்து சில நிமிட நடைதான்.