நோயாளி அறையில் ஒரு பூச்சாடி

பேராதனைத் தாவரவியற் பூங்காவின் ஓர்கிட் மாடத்தைப் பார்க்காத மாணவியர் எமது கல்லூரியில் மிகச் சிலரே இருப்பர். 1821இல் தொடங்கப்பட்ட அப்பூங்காவில் பூக்களை வளர்ப்பதோடு அவற்றை வரைவதும் ஒரு முழுநேரத் தொழிலாக இருந்தது. ஹர்மானிஸ் த அல்விஸ் என்ற ஓவியர் முப்பதாண்டுகளுக்கு மேலாக அங்கே செடிகளை வரைந்தார். அவருக்குப் பின் பிள்ளைகளும் அதே வேலையைச் செய்தனர். இதழ் எத்தனை, மகரந்தம் எங்கே, இலை நரம்பு எப்படி ஓடுகிறது என்று எண்ணி எண்ணி வரைந்த படங்கள் அவை. செவ்வரத்தம் பூவை இரண்டாக வெட்டி, வரைந்து, பெயரிடும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம்.

பூவை இன்னொரு விதமாகவும் வரையலாம். பாரிஸ் நகரின் ஓர்சே நூதனசாலையில் எட்வார் மனே 1882ஆம் ஆண்டளவில் வரைந்த ஒரு சிறிய படம் இருக்கிறது. உயரம் 56 சென்ரிமீற்றர்தான். ஒரு கண்ணாடிச் சாடி, அதில் கார்னேஷன் இனப் பூக்கள் சில, கிளெமற்றிஸ் என்னும் கொடியின் ஊதாப் பூக்கள் சில. வேறொன்றும் இல்லை.

அதை வரைந்தபோது மனே கடும் நோயாளி. கால் வலியால் நெடுநேரம் நிற்க முடியாது. இரண்டு மீற்றருக்கும் மேற்பட்ட துணிகளில் வரைந்து பழகியவர், மேசையில் வைத்து முடிக்கக்கூடிய சிறு படங்களுக்கு இறங்கினார். நாம் நோய் விசாரிக்கப் போனால் அப்பிளும் ஹோர்லிக்ஸ் போத்தலும் கொண்டு போவோம். அவருடைய நண்பர்கள் பூக்கள் கொண்டு வந்தார்கள். வந்த பூக்களை அவர் வரைந்தார். 1883 ஏப்ரலில் அவருடைய காலொன்று வெட்டி அகற்றப்பட்டது. அம்மாதம் 30ஆம் திகதி, 51ஆவது வயதில் காலமானார்.

இந்தச் செய்தி தெரியாமல் படத்தைப் பார்த்தால் துக்கத்தின் சாயல் எதுவும் தென்படாது. எனக்கு அதுதான் வியப்பு.

படத்துக்கு அருகில் சென்றால் பூ காணாமல் போய்விடும். ஊதாவில் நாலைந்து தீற்றல், வெள்ளையில் ஒரு தொடுகை, அவ்வளவே. கண்ணாடிக்கென்று தனி நிறம் கிடையாது. சாம்பலும் வெள்ளையும் நீலமுமான சில கோடுகள், நீருக்குள் தண்டுகளாகச் சில பச்சைக் கீறல்கள். இரண்டு அடி பின்னால் வந்தால் அவையெல்லாம் கூடி நீர் நிறைந்த சாடியாகிவிடும். இதழ்களை எண்ண இப்படத்தில் வழியில்லை. பூவில் அந்த வேளையில் விழுந்த ஒளியே இங்கு வரையப்பட்டிருக்கிறது. பூவும் வாடும், ஒளியும் மாறும் என்பதால், ஒரு நிறம் காயுமுன்னே அதன்மேல் அடுத்ததைத் தீட்டி விரைந்து முடிக்க வேண்டும்.

இம்முறைக்கு மனப்பதிவுவாதம் என்று பெயர். 1874இல் மொனே, ரெனுவா முதலானோர் நடத்திய கண்காட்சியைப் பார்த்த ஒரு பத்திரிகை விமர்சகர் கேலியாகச் சூட்டிய பெயர் அது. மனே அவர்களுக்கு மிக நெருக்கமானவராயினும், அவர்கள் நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் ஒன்றிலேனும் தம் படத்தை வைக்கவில்லை. அவருடைய தம்பியின் மனைவி பேர்த் மொரிஸோ ஏழில் வைத்தார். பாரிஸின் அரச ஓவியக் கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. மொரிஸோ தனிப்பட்ட ஆசிரியர்களிடம்தான் கற்றார். வரலாற்றுப் படங்களே உயர்ந்தவை, பூப்படம் பெண்கள் பொழுதுபோக்காக வரைவது என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்தது. வீட்டில் மகள் வரைந்துகொண்டிருக்கும்போது, "இதையெல்லாம் விட்டுவிட்டுப் படி" என்று சொல்லும் நமக்கும் அந்த எண்ணம் புதிதல்லவே!

செய்து பார்க்க விரும்பும் மாணவியருக்கு: ஒரு கண்ணாடிக் கிளாசில் பாதிக்கு நீர் விட்டு, முற்றத்துப் பூ இரண்டை வைத்து, யன்னலருகில் வையுங்கள். கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். இலை நரம்புகள் மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும்போது தூரிகையை எடுங்கள். பென்சில் கோடு வேண்டாம். கண்டியில் மதியத்துக்குப் பின் மேகம் சட்டென்று மூடிவிடும், ஆகவே காலையிலேயே தொடங்கி இருபது நிமிடத்தில் முடியுங்கள். கிளாசை அப்படியே வைத்திருந்து, மறுநாளும் அதே நேரத்தில் இன்னொன்று வரையுங்கள்.