கெட்டிமேளம் தெரிந்த கணினி

பேராக்கின் புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ ஒரு கல்யாணத்துக்குப் போனால், மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு மேளக்காரர்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். நாகஸ்வரத்தில் ராகம் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். வாசிப்பவரின் கண் மட்டும் ஐயரின் கையிலேயே இருக்கும். கை உயர்ந்ததும், வாசித்துக்கொண்டிருந்தது பாதியில் நிற்க, கெட்டிமேளம் முழங்கும். தாலி எத்தனையாவது நிமிடத்தில் ஏறும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரியாத அந்தக் கணத்துக்காக இசை காத்திருக்கிறது.

வீடியோ கேம் இசையமைப்பாளரின் வேலையும் இதேதான். சினிமாவில் காட்சியின் நீளம் முன்பே முடிவாகிவிடும். விளையாட்டிலோ, விளையாடும் பிள்ளை ஒரு கதவின் முன் பத்து விநாடியும் நிற்கலாம், பத்து நிமிடமும் நிற்கலாம். 1978-இல் ஜப்பானில் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் நான்கே சுரங்களில் இதைச் சமாளித்தது. எதிரிகள் குறையக் குறைய அந்த நான்கு சுரங்களின் வேகம் கூடும், ஆடுபவரின் நெஞ்சும் கூடவே அடித்துக்கொள்ளும். 1991-இல் வெளிவந்த மங்கி ஐலண்ட் 2 விளையாட்டுக்காக மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ஐம்யூஸ் என்ற முறையை உருவாக்கினார்கள். ஆட்டக்காரர் தெருவிலிருந்து கடைக்குள் நுழைந்தால், இசையும் வெட்டுப்படாமல் அடுத்த மெட்டுக்கு நழுவிவிடும். கணினி கெட்டிமேளம் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

இந்தக் கலையை வளர்த்தவர்களில் தனித்து நிற்பவர் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பணியாற்றிய ஜார்ஜ் சேங்கர். ‘தி ஃபேட் மேன்’ என்ற செல்லப் பெயரில்தான் உலகம் அவரை அறியும். 1990-இல் விங் கமாண்டர், 1993-இல் தி செவன்த் கெஸ்ட் என்று புகழ்பெற்ற விளையாட்டுகளுக்கு இசை தந்தவர். ஆனால் ஒலித்துறை அவரைக் கொண்டாடுவதற்கு மெட்டுகள் மட்டுமே காரணமல்ல.

அந்தக் காலத்துக் கணினிகளில் ஒரு தலைவலி இருந்தது. ஒரே இசைக் கோப்பு ஒரு வீட்டில் புல்லாங்குழலாக ஒலிக்கும், அடுத்த வீட்டில் கார் ஹாரன்போலக் கத்தும். எல்லாம் சவுண்ட் கார்டைப் பொறுத்தது. 1991-இல் ஜெனரல் மிடி என்ற பொதுத் தரம் வந்தது. 128 கருவி ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆனாலும் கருவிகளின் சத்தமும் சமநிலையும் கார்டுக்குக் கார்டு மாறிக்கொண்டிருந்தன. கார்டுகளைக் கேட்டுச் சோதித்து முத்திரை கொடுக்க ஃபேட் லேப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார் சேங்கர். தன் பாட்டு மட்டுமல்லாமல் எல்லாருடைய பாட்டும் எல்லா வீட்டிலும் சரியாகக் கேட்க வேண்டும் என்பது அவர் கவலை.

1996-இல் டெக்சஸில் ‘புராஜெக்ட் பார்பிக்யூ’ என்ற ஆண்டுக் கூடலையும் அவர் தொடங்கினார். இசையமைப்பாளர்கள், சிப் செய்பவர்கள், மென்பொருள் எழுதுபவர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, கணினியின் ஒலியை எப்படி மேம்படுத்தலாம் என்று பேசும் கூட்டம் அது. 2007-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பிரிஸ்கோ மையத்தில் வீடியோ கேம் ஆவணக் காப்பகம் உருவானபோது, அதற்குத் துணை நின்றவர்களில் அவரும் ஒருவர்.

இத்துறைக்குப் பெரிய மேடைகளின் மரியாதை தாமதமாகத்தான் கிடைத்தது. கேம் ஒலிக் கலைஞர்களுக்கென்று கேம் ஆடியோ நெட்வொர்க் கில்ட் 2002-இல் பிறந்து, ஆண்டுதோறும் விருது வழங்கி வருகிறது. சிவிலைசேஷன் 4 விளையாட்டின் ‘பாபா யேது’ பாடலுக்காக 2011-இல் கிறிஸ்டோபர் டின் கிராமி வாங்கினார். கேம் இசைக்குக் கிடைத்த முதல் கிராமி அது. 2023-இல் கேம் இசைக்கென்றே தனிப் பிரிவு வந்தது; அதை முதலில் வென்றவர் ஸ்டெஃபனி எகோனமு. அதே ஆண்டு, கோஜி கொண்டோவின் சூப்பர் மாரியோ இசையை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம் உருவாக்கி 2020-இல் வெளிவந்த நோ ஸ்டிரெய்ட் ரோட்ஸில் கதையே இசைதான். இரண்டு ராக் கலைஞர்கள் ஒரு மின்னிசை சாம்ராஜ்யத்தை எதிர்த்து நிற்கிறார்கள்.

இனி அந்த 128 ஒலிகளின் பட்டியலுக்குத் திரும்புவோம். 105-ஆம் எண்ணில் சிதார் இருக்கிறது. 112-இல் ஷெனாய் இருக்கிறது. ஜப்பானின் கோட்டோவும் தைக்கோவும் இருக்கின்றன. நாகஸ்வரம் இல்லை. வீணை இல்லை. உறுமி இல்லை. பட்டியல் போட்ட மேசையில் அவற்றைக் கேட்டு வளர்ந்த காது இருந்திருந்தால், ஓர் எண்ணாவது கிடைத்திருக்கும்.

அப்படிப்பட்ட காது இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2023 ஜூலையில் ‘வெண்பா’ காட்டியது. டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய இந்த விளையாட்டில், கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய் இட்லியும் புட்டும் சமைக்கிறாள். சமைக்கும்போது ஒலிக்கும் பாட்டுகள், அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமா இசையின் வாசனையோடு புதிதாகவே அமைக்கப்பட்டவை. இசை ஆல்ஃபா சம்திங். கதை நகர நகர மெட்டின் காலமும் நகர்வதை, பழைய பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். 2024-இல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் உயரிய பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அறிமுக விளையாட்டு விருதும் ‘வெண்பா’வுக்குக் கிடைத்தன.

பேராக்கில் இதற்கான சரக்கு ஏராளம். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயத்தில் வளர்ந்தவர்கள் ஈப்போவைச் சுற்றிக் குடியேறிவிட்டார்கள். ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு அடித்த மணி எப்படி ஒலித்தது என்று சொல்ல அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருவிழாக்களில் உறுமி இன்னும் அதிர்கிறது. ஈப்போவின் ஓர் இளைஞர் நல்ல மைக் ஒன்றை வைத்து, உறுமியின் ஒவ்வோர் அடியையும் இழுப்பையும் தனித்தனியாகப் பதிந்து பொதுவில் வைத்தால், உலகின் எந்த மூலையிலிருக்கும் இசையமைப்பாளரும் அதை எடுத்துக் கையாளலாம். சேங்கர் தன் சகாக்களுக்குச் செய்ததும் இதே வகை வேலைதான்.

ரப்பர் மரம் மிச்சமிருக்கும் இடங்களில், நல்ல வெயிலில் காய்கள் ‘டப்’பென்று வெடித்துக் கொட்டைகள் சருகின்மேல் சிதறும். பொறுக்க ஓடிய பிள்ளைகளுக்கு எந்தப் பக்கம் வெடித்தது என்று காதே சொல்லிவிடும். பதிவை அந்தச் சத்தத்திலிருந்தே தொடங்கலாம்.