கையடக்க இசை – 11: காசு கொடுத்து வாங்கிய பாட்டு

2008 ஏப்ரலில், எம்எஸ்என் மியூசிக் என்ற இணையக் கடையில் பாட்டு வாங்கியிருந்தவர்களுக்கு மைக்ரோசாஃப்டிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வாங்கிய பாட்டுகளுக்கு உரிமச் சாவி கொடுக்கும் சர்வர் ஆகஸ்ட் 31-க்குப் பிறகு இயங்காது என்றது அது. அன்றைய தேதியில் எந்தக் கணினியில் பாட்டு ஒலிக்கிறதோ அதில் தொடர்ந்து ஒலிக்கும். புதுக் கணினி வாங்கினாலோ, இருக்கிற கணினியில் வேறு விண்டோஸ் ஏற்றினாலோ அதே பாட்டு திறக்காது. யாரும் திருட்டுத்தனமாக இறக்கிய பாட்டுகள் இல்லை அவை. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு டாலர் கொடுத்து, ரசீதோடு வாங்கியவை.

ஐடியூன்ஸ் கடை திறந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 2003 ஏப்ரல் 28, 2 லட்சம் பாட்டுகள், பாட்டுக்கு 99 சென்ட். ஓசியில் எம்பி3 இறக்கிப் பழகிய ஒரு தலைமுறையைக் காசு கொடுத்து வாங்க வைத்தது அந்தக் கடை. சாதாரணக் காரியம் இல்லை அது. ஆனால் அங்கே விற்ற ஒவ்வொரு பாட்டும் ஃபேர்பிளே என்ற பூட்டோடு வந்தது. மற்றக் கடைகளிலும் வேறு பெயரில் அதே ஏற்பாடு. இந்த வாரம் அந்தப் பூட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

பாட்டுக் கோப்பு சங்கேதமாக்கப்பட்டிருக்கும். அதை விடுவிக்கிற எண்தான் சாவி. கடையின் சர்வர், வாங்கியவர் இன்னார் என்று சரிபார்த்து அந்தச் சாவியை அவருடைய கணினிக்குத் தனியாக அனுப்பும். வேறொரு கணினியில் பாட வேண்டுமென்றால் மறுபடியும் சர்வரிடம் கேட்க வேண்டும். ஐடியூன்ஸில் முதலில் 3 கணினிகளுக்கு அனுமதி இருந்தது. 2004-இல் அது 5 ஆனது. அதே சமயம், ஒரு பாட்டுப் பட்டியலை 10 முறை சிடியில் எழுதலாம் என்றிருந்ததை 7 முறையாகக் குறைத்தார்கள். ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது என்று கணக்குப் போட்டுச் சமாதானம் ஆகிவிட முடியாது. விற்பனை முடிந்து காசு கைமாறிய பிறகும் விதியை மாற்றுகிற அதிகாரம் விற்றவர் கையில் இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கேசட் கடைக்காரர் கடையைக் காலி செய்துவிட்டுப் போனால், நம் வீட்டு அலமாரியில் இருக்கும் கேசட் ஊமையாகிவிடுவதில்லை. எம்எஸ்என் மியூசிக் வாடிக்கையாளர்களின் பாட்டுகளோ அப்படி ஊமையாகவிருந்தன.

அவர்கள் விஷயத்தில் இன்னொரு கொடுமையும் உண்டு. 2004-இல் மைக்ரோசாஃப்ட் பிளேஸ்ஃபார்ஷூர் என்ற முத்திரையைக் கொண்டு வந்தது. பல கடைகள், பல நிறுவனங்களின் பிளேயர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு முறை. முத்திரை குத்திய கடையில் வாங்கிய பாட்டு, முத்திரை குத்திய எந்தப் பெட்டியிலும் பாடும் என்பது வாக்குறுதி. அதை நம்பிப் பல நிறுவனங்கள் பிளேயர் செய்தன, மக்களும் வாங்கினார்கள். 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தப் பிளேயரான ஸூனை வெளியிட்டது. அதற்குப் புதுப் பூட்டு. பிளேஸ்ஃபார்ஷூர் பாட்டுகள் அதில் ஒலிக்கவில்லை. அதாவது, மைக்ரோசாஃப்டின் கடையில் வாங்கிய பாட்டை மைக்ரோசாஃப்டின் பெட்டியில் கேட்க முடியவில்லை. ஸூனில் வைஃபை வழியாக நண்பருக்குப் பாட்டு அனுப்பும் வசதி இருந்தது. நல்ல வசதி. ஆனால் அனுப்பிய பாட்டு 3 முறை ஒலிக்கும், அல்லது 3 நாள் இருக்கும், பிறகு திறக்காது. நீங்களே வீட்டில் பாடிப் பதிவு செய்த பாட்டை அனுப்பினாலும் இதே கெடுதான்.

2008 ஏப்ரல் மின்னஞ்சலுக்கு எதிர்ப்பு கிளம்பியதும், எம்எஸ்என் மியூசிக்கின் சாவி சர்வரை 2011 முடியும் வரை ஓட்டுவதாக மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. அதே 2008-இல் யாகூவும் தன் இசைக் கடையின் சாவி சர்வரை நிறுத்தப்போவதாக அறிவித்து, வாங்கியவர்களின் கோபத்துக்குப் பிறகு பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

இணையக் கடைகளாவது பூட்டு இருப்பதைச் சொல்லி விற்றன. சிடிக்கு வந்த பூட்டு சொல்லாமல் வந்தது.

மார்க் ருசினோவிச், விண்டோஸின் உள்ளுறுப்புகளை நன்கு அறிந்தவர். 2005 அக்டோபரில், தானே எழுதிய ஒரு சோதனைக் கருவியைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்தார். ஒளித்து வைக்கப்பட்ட கோப்புறை ஒன்றும் சில டிரைவர்களும் இருப்பதாகக் கருவி சொன்னது. சந்தேகமான மென்பொருளைத் தொடாத மனிதர், அவருக்கே அதிர்ச்சி. தடம் பிடித்துப் போனபோது, தான் காசு கொடுத்து வாங்கிக் கணினியில் கேட்ட ஒரு சிடியில் வந்து நின்றார். வான் ஸான்ட் சகோதரர்களின் ஆல்பம். வெளியிட்டது சோனி பிஎம்ஜி. அதிலிருந்த எக்ஸ்சிபி என்ற பூட்டு மென்பொருளைச் செய்தது பிரிட்டனைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட்.

அது செய்த வேலை இது. சிடியைப் போட்டதும் தன் பிளேயரை நிறுவிக்கொள்ளச் சொல்லும். கூடவே விண்டோஸுக்குள் ஆழமாக ஒரு துண்டு போய் உட்காரும். பெயரின் தொடக்கத்தில் டாலர் குறி, எஸ்-ஒய்-எஸ், மறுபடி டாலர் குறி என்று இருக்கிற எந்தக் கோப்பையும், எந்த இயங்கும் நிரலையும் கணினிக்காரரின் கண்ணிலிருந்து அது மறைத்துவிடும். தன்னை மறைத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு. ஆனால் அந்த எழுத்துகளில் தொடங்குகிற எதற்கும் அதே திரை கிடைத்தது. சில நாட்களிலேயே வைரஸ் எழுதுபவர்கள் அதன் பின்னால் வந்து ஒளிந்துகொண்டார்கள். ருசினோவிச் அந்தத் துண்டைக் கையால் பிடுங்கி எறிந்தபோது, அவருடைய கணினியில் சிடி டிரைவே காணாமல் போனது. சாதாரண வாடிக்கையாளர் என்ன செய்திருப்பார்?

அவர் அக்டோபர் 31 அன்று இதை எழுதி வெளியிட்டார். நவம்பருக்குள் சோனி பிஎம்ஜி சிடிக்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. எக்ஸ்சிபி ஏறியிருந்தவை 52 ஆல்பங்கள். கடைகளுக்குப் போனவை ஏறக்குறைய 47 லட்சம் சிடிக்கள், அதில் விற்றுப் போனவை சுமார் 21 லட்சம். டெக்சாஸ் மாநிலம் வழக்குப் போட்டது. எக்ஸ்சிபியைப் பிரித்துப் பார்த்தவர்கள், லேம் என்ற திறந்த மூல எம்பி3 மென்பொருளின் நிரல் துண்டுகள் அதற்குள் இருப்பதையும் காட்டினார்கள். லேமை எழுதியவர்கள் அதை எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள், சில நிபந்தனைகளோடு. படைப்பாளியின் உரிமையைக் காக்க வந்ததாகச் சொன்ன மென்பொருள், இந்தப் படைப்பாளிகளின் நிபந்தனையை மதிக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு, பூட்டு வேண்டாம் என்று உரக்கச் சொன்னவர் அதே பூட்டை விற்றுக்கொண்டிருந்த ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ். 2007 பிப்ரவரி 6 அன்று அவர் வெளியிட்ட பகிரங்கக் கடிதம் ஒரு கணக்கு வாத்தியாரின் நிதானத்தோடு எழுதப்பட்டது. 2006 கடைசி வரை விற்ற ஐபாடுகள் 9 கோடி, ஐடியூன்ஸில் விற்ற பாட்டுகள் 200 கோடி. சராசரியாக ஓர் ஐபாடுக்கு 22 பாட்டு. அப்போது அதிகம் விற்றுக்கொண்டிருந்த ஐபாட் 1,000 பாட்டு கொள்ளும். அது நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பூட்டுள்ள பாட்டு 3 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் பூட்டில்லாதவை. 2006-இல் மட்டும் இசை நிறுவனங்கள் பூட்டே இல்லாமல் சிடி வழியாக விற்ற பாட்டுகள் 2,000 கோடிக்கு மேல். பெரிய வாசலைத் திறந்து போட்டுவிட்டுச் சின்ன ஜன்னலுக்கு இந்தக் காவல் எதற்கு என்பதே கேள்வி.

கணக்கு சரி. ஆனால் அந்தக் கடிதம் சும்மா வரவில்லை. அதற்குச் சில நாட்கள் முன்புதான், ஃபேர்பிளே நார்வே சட்டத்துக்கு விரோதமானது என்று அந்நாட்டின் நுகர்வோர் குறைதீர்ப்பாளர் சொல்லியிருந்தார். ஐடியூன்ஸில் பாட்டு வாங்கிச் சேர்த்தவர் வேறு நிறுவனத்தின் பிளேயருக்கு மாற முடியாது என்பதால், பூட்டினால் ஆப்பிளுக்கும் ஆதாயம் இருந்தது. பழியை இசை நிறுவனங்கள் மேல் மட்டும் போட்டது பாதி உண்மை. இருந்தாலும் அந்தப் பாதியை வெளிப்படையாகச் சொல்கிற இடத்தில் அன்று அவரைவிட வலுவானவர் யாரும் இல்லை, சொன்னது பலித்தது. ஏப்ரலில் இஎம்ஐ நிறுவனம் பூட்டில்லாத பாட்டுகளைத் தரச் சம்மதித்தது: ஒலித்தரம் 256 கிலோபிட், விலை 1.29 டாலர். செப்டம்பரில் அமேசான், பூட்டே இல்லாத எம்பி3 கடையைத் திறந்தது. 2009 ஜனவரியில், ஐடியூன்ஸின் எல்லாப் பாட்டுகளும் பூட்டை விட்டு வெளிவருவதாக ஆப்பிள் அறிவித்தது. ஏற்கெனவே பூட்டோடு வாங்கியவர்கள்? பாட்டுக்கு 30 சென்ட் கட்டினால் தரம் உயர்ந்த, பூட்டில்லாத பிரதி. தங்கள் பாட்டைத் தாங்களே மீட்டுக்கொள்ள அவர்கள் மறுபடி காசு கொடுத்தார்கள்.

பாட்டின் பூட்டு போனது. பெட்டியின் பூட்டு?

2008 டிசம்பர் 31 அன்று, உலகெங்கும் 30 ஜிபி ஸூன் பிளேயர்கள் தொடக்கத் திரையிலேயே உறைந்து நின்றன. காரணம் சில வரி நிரல். பெட்டிக்குள் இருந்த கடிகாரம் 1980 முதல் கடந்த நாட்களை எண்ணி வைத்திருக்கும். அதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்க, மீதி நாட்கள் 365-ஐத் தாண்டியிருக்கும் வரை ஆண்டுக்கு ஆண்டு கழித்துக்கொண்டே வரும். லீப் ஆண்டு வந்தால், மீதி 366-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்து, தாண்டியிருந்தால் மட்டும் கழிக்கும். அன்று லீப் ஆண்டின் 366-ஆவது நாள். 365-ஐத் தாண்டிவிட்டதால் சுற்றை விட்டு வெளியே வர முடியாது. 366-ஐத் தாண்டாததால் கழிக்கவும் முடியாது. அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே நின்றது பெட்டி. பேட்டரி தீரும்வரை காத்திருந்து, மறுநாள் மதியத்துக்குப் பிறகு சார்ஜ் போடுங்கள் என்றது மைக்ரோசாஃப்ட்.

இவ்வளவு துல்லியமாக வெளியாட்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், பிழை இருந்தது சிப் தயாரிப்பாளரான ஃப்ரீஸ்கேலின் டிரைவரில். அதன் மூல நிரல் பொதுவெளியில் கிடைத்தது. நிரலாளர்கள் எடுத்துப் படித்தார்கள், வரியைச் சுட்டிக் காட்டினார்கள். ஆனால் திருத்தித் தங்கள் பெட்டியில் ஏற்ற வழியில்லை.

அந்த வழியைத் தாங்களே போட்டுக்கொண்டவர்கள் சுவீடனில் இருந்தார்கள். 2001 கடைசியில் பியோர்ன் ஸ்டென்பெர்க், அவர் சகோதரர் டேனியல் ஸ்டென்பெர்க், லினஸ் நீல்சன் ஃபெல்ட்சிங் ஆகியோர் ஆர்க்கோஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஜூக்பாக்ஸ் பிளேயரைக் கையில் எடுத்தார்கள். (இன்று உலகின் கணக்கற்ற கருவிகளில் ஓடும் கர்ல் மென்பொருளை எழுதியவர் இந்த டேனியல்தான்.) ஹார்ட் டிஸ்க் வைத்த தடித்த பெட்டி, திரையில் 2 வரி, வரிக்கு 11 எழுத்து. வன்பொருள் நன்றாக இருந்தது, உள்ளே ஓடிய மென்பொருள்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பெட்டி தொடங்கும்போது, தன் டிஸ்கில் குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதையே மென்பொருளாக ஏற்றிக்கொள்ளும். நிறுவனம் புதுப்பிப்புகள் தர வைத்திருந்த வாசல் அது. அதன் வழியாக இவர்கள் தங்கள் மென்பொருளை நுழைத்தார்கள். எந்த ஆவணமும் கையில் இல்லாமல், சிப்புகளைத் தடவித் தடவி அறிந்து, எல்லாவற்றையும் புதிதாக எழுதினார்கள். அதுதான் ராக்பாக்ஸ்.

ஆர்வலர்கள் சேரச் சேர அது ஐரிவர், ஐபாட், சான்டிஸ்க் பிளேயர்களுக்கும் பரவியது. அதன் வசதிகளை வரிசை போட்டால் பக்கம் போதாது. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: அது பேசும். மெனுவில் நகர்ந்தால் ஒவ்வொரு வரியையும் குரலில் சொல்லும். கோப்புகளின் பெயரையும் முன்கூட்டியே தயாரித்த குரல் துணுக்குகளால் சொல்ல வைக்கலாம். பார்வையற்றவர்கள் வேறு யார் துணையுமின்றிப் பாட்டுத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஐபாட் நானோவின் மெனு பேச ஆரம்பித்தது 2008-இல். ராக்பாக்ஸ் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பேசிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் நிறுவனங்கள் தள்ளிப்போட்டதை, மாலை நேரத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள் செய்து முடித்தார்கள்.

எல்லாப் பெட்டியும் இணங்கிவிடவில்லை. 2006-இல் வந்த இரண்டாம் தலைமுறை நானோவில் ஆப்பிள் உள்மென்பொருளையே சங்கேதமாக்கியது. அதைத் திறக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. முதல் ஆர்க்கோஸ் பெட்டிகளில் வேறு மாதிரித் தடை. எம்பி3-ஐ விரித்து ஒலியாக்கும் வேலையைத் தனி சிப் ஒன்று செய்தது. அந்தச் சிப்புக்கு வேறு வடிவம் கற்றுக்கொடுக்க ராக்பாக்ஸாலும் முடியவில்லை. ஐரிவரிலும் ஐபாடிலும் அந்த வேலையைப் பொதுவான பிராசஸரே செய்ததால், ஆக் வார்பிஸ் என்ற ஒலி வடிவம் நுழைந்தது, ஃபிளாக் நுழைந்தது. பழைய ஐபாட் கிளாசிக்கில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி மெமரி கார்டு பொருத்தி, ராக்பாக்ஸ் ஏற்றி, ஆப்பிள் அந்தப் பெட்டிக்குக் கடைசிவரை கொடுக்காத ஃபிளாக்கைக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் கோப்பைச் சுருக்கும் அந்த ஃபிளாக்கை ஜோஷ் கோல்சன் எழுதத் தொடங்கியது 2000-இல். சிடியில் இருக்கும் அத்தனை எண்களையும் அப்படியே திருப்பித் தந்துகொண்டே இடத்தை எப்படி மிச்சப்படுத்துகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)