குடி வளர்க்கும் பதற்றம்

சுமார் 4,90,000 செம்மறி ஆடுகளின் மூளைத் துணுக்குகள். ஒவ்வொன்றும் ஹைப்போதலாமஸ் என்ற சின்னஞ்சிறு பகுதியிலிருந்து எடுத்தது. அத்தனையையும் அரைத்து, வடித்து, திரும்பத் திரும்பப் பிரித்தெடுத்தபோது கடைசியில் மிஞ்சியது, 41 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு குட்டிப் புரதம். கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள சால்க் ஆய்வு நிறுவனத்தில் வைலி வேல் குழுவினர் 1981-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அப்படி ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்பது 1955-லேயே ரோஜர் கில்லெமினுக்கும் ஆண்ட்ரூ ஷாலிக்கும் தனித்தனியே தெரிந்திருந்தது. இருவரும் வேறு மூளை ஹார்மோன்களைப் பிரித்தெடுத்து 1977-ல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார்கள். இது மட்டும் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் பிடித்த வேல், கில்லெமினிடம் பாடம் படித்தவர்.

அந்தப் புரதத்தைச் சுருக்கமாக சி.ஆர்.எஃப். என்கிறார்கள். ஆபத்து என்று மூளைக்குத் தோன்றியதும் ஹைப்போதலாமஸ் இதைச் சுரக்கும். அது பிட்யூட்டரியைத் தட்டும். பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டும். அங்கிருந்து கார்டிசால் ரத்தத்தில் இறங்கும். உடம்பு எதற்கும் தயாராகிவிடும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் வரும் கதை இவ்வளவுதான்.

ஆனால் சி.ஆர்.எஃப். ஹைப்போதலாமஸில் மட்டும் இல்லை. அச்சத்தையும் பதற்றத்தையும் கையாளும் அமிக்டலா பகுதியிலும் அது தாராளமாக இருக்கிறது. அங்கே அது ஹார்மோனாக ரத்தத்தில் கலப்பதில்லை. நரம்பணுக்களுக்கு இடையே சேதி சொல்கிறது. குடிக்கு அடிமையாதலின் ஒரு முக்கியமான முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று காட்டியவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் கூப். சால்க் நிறுவனம் இருக்கும் அதே சாலையில் உள்ள ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 2014-ல் அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றவர்.

குடியின் தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டோபமைனும் எண்டார்பின்களும் கூடும், உடம்பு லேசாகும். மது மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டி, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. நாள்தோறும் இது நடந்தால் மூளை சும்மா இருக்காது. எதிர்ப்பக்கம் நின்று இழுக்கத் தொடங்கும்: காபாவின் பிடி தளரும், குளூட்டமேட் வலுக்கும், சி.ஆர்.எஃப்., நார்அட்ரினலின், மனத்தைக் கசப்பாக்கும் டைனார்பின் எல்லாம் அந்த அணியில் சேரும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் சட்டென்று கையை விட்டால் மறுபக்கத்தார் மல்லாந்து விழுவார்களே, குடியை நிறுத்திய மறுநாள் காலை மூளைக்கு நேர்வது அதுதான். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமே இல்லாத எரிச்சல்.

"காலையில ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும்" என்று குடிப்பவர் சொல்வதை நாம் சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். மூளை வேதியியலின் கண்ணில் அது கிட்டத்தட்ட ஒரு வாக்குமூலம். இந்தக் கட்டத்தில் அவர் இன்பத்தைத் தேடவில்லை. முந்தைய குடி கிளப்பிவிட்ட பதற்றத்தை அடுத்த குடியால் அடக்கப் பார்க்கிறார். அடங்கும், சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்துக்கான விலையை அடுத்த காலை வட்டியோடு கேட்கும்.

இதை எலிகளிடம் சோதித்த விதம் விசித்திரமானது. எலிகளுக்குப் பொதுவாக மது அவ்வளவாகப் பிடிக்காது. கொடுத்தால் கொஞ்சம் நக்கும், போய்விடும். அதனால் கூண்டுக்குள் மது ஆவியைச் செலுத்துகிறார்கள். நாளுக்கு 14 மணி நேரம் ஆவி, 10 மணி நேரம் வெறும் காற்று. சில வாரங்களில் எலி அடிமையாகிவிடும். ஆவி நின்ற நேரத்தில் மது கொடுத்தால் பழைய அளவைவிட மிக அதிகமாகக் குடிக்கும். மதுவுக்கு அடிமையான எலிகளின் அமிக்டலாவில், மது நின்ற நேரத்தில் நுண்குழாய் வைத்து அளந்தபோது சி.ஆர்.எஃப். ஏறியிருந்தது; 1995-ல் வெளியான அளவீடு இது. பிறகு சி.ஆர்.எஃப். ஒட்டும் ஏற்பியை மருந்தால் அடைத்துப் பார்த்தார்கள். அடிமையான எலியின் மிதமிஞ்சிய குடி இறங்கியது. அடிமையாகாத எலி குடிக்கும் அளவில் மாற்றமே இல்லை. இரண்டும் ஒரே திரவத்தைத்தான் குடித்தன. குடித்த காரணம் வேறு.

இங்கே கார்டிசாலின் இரட்டை வேடத்தையும் சொல்லியாக வேண்டும். ஹைப்போதலாமஸில் அது சி.ஆர்.எஃப்.பைக் குறைக்கும்: "போதும், சேதி வந்துவிட்டது" என்பதுபோல. அமிக்டலாவிலோ அதே கார்டிசால் சி.ஆர்.எஃப்.பைக் கூட்டும். ஒரே ஹார்மோன், ஒரே மூளை, இரண்டு அங்குலம்கூடத் தள்ளாத இடத்தில் நேர்மாறான விளைவு. மதுவே கார்டிசாலைக் கிளப்பக்கூடியது என்பதால், பல ஆண்டுகள் குடித்தவரின் ஹார்மோன் பாதை மந்தமாகிப்போய், அமிக்டலா மட்டும் எப்போதும் விழித்தபடி இருக்கிறது. மதுவை விட்டு மாதங்கள் ஆன பிறகும், கடன்காரர் வாசலில் நின்ற ஒரு மாலையில் ஒருவர் நேராகக் கடைக்குப் போவதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் சி.ஆர்.எஃப். ஏற்பியை அடைக்கும் மாத்திரை மனிதருக்கும் பலிக்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். பெக்ஸாசெர்ஃபான்ட், வெருசெர்ஃபான்ட் என்ற இரண்டு மருந்துகளைக் குடிக்கு அடிமையாகி, பதற்றமும் அதிகம் உள்ளவர்களிடம் சோதித்தார்கள். 2015-லும் 2016-லும் முடிவுகள் வந்தன. குடிக்கும் ஏக்கம் அசையவே இல்லை.

எலிக்குப் பலித்தது மனிதருக்கு ஏன் பலிக்கவில்லை? எலி சில வாரங்கள் ஆவியில் இருந்தது. மனிதர் இருபது, முப்பது ஆண்டு குடித்தவர். எலியைச் சோதித்தது மது நின்ற சில மணி நேரத்தில்; மனிதரைச் சோதித்தது மருத்துவமனையில் நடுக்கமெல்லாம் தணிந்த பிறகு. அலாரம் அடித்து ஓய்ந்த வீட்டில் அலாரத்தை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தார்களோ என்ற ஐயம் நியாயமானது. என் கணிப்பில், கருத்து தோற்கவில்லை. ஒற்றைப் பொருளை அடைத்தால் போதும் என்ற ஆசைதான் தோற்றது.

ஆச்சரியம் பழைய மாத்திரைகளிடமிருந்து வந்தது. கருக்கலைப்புக்குத் தரும் மிஃபெப்ரிஸ்டோன், கார்டிசால் ஒட்டும் ஏற்பியையும் அடைக்கும். 2015-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அதை ஒரு வாரம் எடுத்துக்கொண்ட குடிநோயாளிகளின் ஏக்கமும் குடியும் குறைந்தன. இன்னொன்று ப்ராசோசின், ரத்தக் கொதிப்புக்கான மாத்திரை. இந்தியக் கிராமங்களில் இதற்கு வேறொரு பெருமை உண்டு: மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் செந்தேள் கடிக்கு இதைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். தேள் நஞ்சு உடம்பில் அட்ரினலின் வகைப் பொருட்களை வெள்ளமாகத் திறந்துவிடும். ப்ராசோசின் அதன் தாக்குதலைத் தடுக்கும். குடியை நிறுத்தியவரின் மூளையிலும் நார்அட்ரினலின் பெருக்கெடுக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ரஜிதா சின்ஹா குழு 2021-ல் வெளியிட்ட 12 வார ஆய்வில், நிறுத்தும்போது கடுமையாக நடுங்கி அவதிப்பட்டவர்களுக்கு இந்த மாத்திரை உதவியது. அந்த அவதி இல்லாதவர்களுக்கு உதவவில்லை. ஆவிக் கூண்டின் எலிகள் காட்டிய அதே வேறுபாடு. குடிநோய்க்கு இந்த இரண்டு மாத்திரைகளுமே இன்னும் ஆய்வு நிலையில் உள்ளவை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுப்பார்க்கும் விஷயம் அல்ல.

தானாகத் திடீரென நிறுத்திப் பார்ப்பதும் விளையாட்டல்ல. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, பெங்களூரு மருத்துவமனைகளில் குடி நின்றதால் வரும் கடும் சித்தப்பிரமையோடு வந்தவர்கள் கூடினார்கள். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாட்களில் ஆளையே அடையாளம் தெரியாத பிதற்றலும் காய்ச்சலும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். எனவே வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், "இன்னியோட விட்டுடு" என்று சத்தியம் வாங்கி அறையில் பூட்டாதீர்கள். நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.